முன் அனுபவம்: இல்லை

"கிணத்துத் தண்ணிய வாயில வைக்க முடியல, அவ்வளவு உப்பு. என்ஜினும் நின்னு மூணு வாரமாச்சு. நீ அங்க உக்காந்து என்னத்தப் படிச்சுக் கிழிக்கிற?"

அபெமாமா தீவிலிருந்து தொலைபேசியில் கேட்டான் யொத்தேபா. தலைநகரான தராவாவில், பயிற்சி நிலைய விடுதி வாசலில் நின்றிருந்த அரிபேத்தாவுக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணமாகி இருபத்து நாலு வருஷத்தில் இந்த மனுஷன் 'நீ இல்லாம வீடு வெறிச்சோடிக் கிடக்கு' என்று நேராகச் சொன்னதே இல்லை. திட்டித்தான் சொல்வான்.

"நிக்கும்போது புகை கறுப்பா வந்துச்சா, வெள்ளையா வந்துச்சா?"

"உனக்கெதுக்கு அதெல்லாம்? மாத்த வேண்டிய பாகம் கப்பல்ல வரணும். நாளைக்குப் பரீட்சைன்னியே, அதைப் பாரு. பெயிலாகி வந்தா கரையில கால் வைக்க விடமாட்டேன்."

"நீ விடாட்டி என்ன, நீந்தி வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

யொத்தேபா என்று மட்டும் சொன்னால் அவர்கள் தீவில் யாருக்கும் தெரியாது. 'என்ஜின் யொத்தேபா' என்று சொல்ல வேண்டும். தீவின் நடுவிலிருந்து நல்ல தண்ணீரை இழுக்கும் டீசல் என்ஜின் அவன் பொறுப்பு. அந்தப் பொறுப்பினால் ஊர்க்கூடத்தில் அவன் பேச்சுக்கு ஒரு மதிப்பு இருந்தது. ஆனால் வருஷா வருஷம் பெரிய அலை உள்ளே புகுந்து, கிணறுகளையும் கிழங்கு பயிரிடும் குழிகளையும் உப்பாக்கிக்கொண்டிருந்தது. இனி டீசலை நம்பிப் பயனில்லை என்று, வெயிலில் ஓடி உப்பைப் பிரிக்கும் இயந்திரத்தை ஒவ்வொரு தீவுக்கும் அனுப்ப ஏற்பாடாகியிருந்தது. பயிற்சி பெற்ற மெக்கானிக் இருக்கும் தீவுக்குத்தான் முதலில் வரும்.

அந்தப் பயிற்சியில் அபெமாமாவுக்கு ஓர் இடம் கிடைத்தது. யொத்தேபா போவான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவனோ, என்ஜினை விட்டுவிட்டு நான் எப்படி நகர்வது, பேருக்கு நீ போய்வா என்று அரிபேத்தாவைக் கப்பலேற்றிவிட்டான். கருவாட்டு மூட்டையையும் தென்னம்பாகு போத்தலையும் கையில் திணித்தபோதுகூட, இந்தப் பாகு தீர்வதற்குள் அவள் ஓடி வந்துவிடுவாள் என்று துறையில் நின்றவர்களிடம் பந்தயம் கட்டினான்.

அவள் நான்கு மாதம் தாக்குப்பிடித்தாள். வகுப்பில் பதினோரு ஆண்கள், அவள் ஒருத்தி. முதல் வாரம் சிரித்தவர்கள், மூன்றாம் வாரம் அவள் பக்கத்தில் இடம் பிடித்தார்கள். எந்த மரையை எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று அவள் கை யோசிப்பதே இல்லை. பயிற்றுநர் பவுரோ ஒருநாள் அதிசயப்பட்டுக் கேட்டதற்கு, வீட்டுக்காரர் வேலை செய்வதைப் பார்த்துப் பழகியது என்றாள். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் அதே பதில்தான்.

மறுநாள் காலை பரீட்சை. பவுரோ ஓர் இயந்திரத்தில் வேண்டுமென்றே கோளாறு செய்துவைத்திருந்தார். அவளுக்கு முன்னால் போன இருவர் கம்பிகளையெல்லாம் பிரித்துப்போட்டு வியர்த்துத் திரும்பினார்கள். அரிபேத்தா பம்பின் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றாள்.

"கம்பியில ஒண்ணும் இல்ல சார். உறிஞ்சுற பக்கம் காத்து இழுக்குது."

குழாய் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம் விரிசல் விட்டிருந்தது. அதை மாற்றினாள். பன்னிரண்டாவது நிமிஷம் தண்ணீர் கொட்டியது.

பிற்பகலில் பவுரோ அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜை மேல் அவள் நிரப்பிக் கொடுத்த படிவம் இருந்தது. அவள்தான் முதல் மதிப்பெண் என்றார். ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை. 'முன் அனுபவம்' என்ற இடத்தில் அவள் 'இல்லை' என்று எழுதியிருந்தாள். இயந்திர வேலையில் பத்து வருஷ அனுபவம் இல்லாதவருக்கு உதவியாளர் சான்றிதழ்தான் தர முடியும், உதவியாளரை நம்பி இயந்திரம் அனுப்ப மாட்டார்கள், இந்தக் கப்பலில் அது வேறு தீவுக்குப் போய்விடும், அபெமாமா இன்னும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும் என்று விளக்கினார்.

படிவத்தை அவள் பக்கம் தள்ளினார். "யோசிச்சு எழுதுங்கக்கா. இது உங்க ஊர் தண்ணி விஷயம்."

அரிபேத்தா பேனாவை எடுத்தாள். உப்புத் தண்ணீரைக் குடித்து முகம் சுளிக்கும் பிள்ளைகள் நினைவில் வந்தார்கள். ஊர்க்கூடத்தில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கும் யொத்தேபாவும் வந்தான். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"இல்லாததை எப்படி சார் எழுதறது?"

பவுரோ இழுப்பறையைத் திறந்தார். "உங்ககிட்ட காட்டக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டாரு. எனக்கு வேற வழி தெரியல" என்று, நான்காக மடித்த ஒரு காகிதத்தை நீட்டினார்.

கோணல்மாணலான அந்த எழுத்து அவளுக்குத் தெரிந்த எழுத்து.

'ஐயா, பதினேழு வருஷமா இந்த என்ஜினைக் கழட்டி மாட்டி ஓட வெச்சது நான் இல்ல, என் பொண்டாட்டி. அவ இல்லாத நேரம் பார்த்து ஊர்க்கூடத்துல பெரியவங்க முன்னாடி எழுந்து நின்னு இதை ஒத்துக்கிட்டுத்தான் என் இடத்தை அவளுக்கு வாங்கியிருக்கேன். அவளுக்கு மட்டும் தெரிய வேண்டாம், தெரிஞ்சா என் மானத்தைக் காப்பாத்தறேன்னு அடுத்த கப்பல்லயே திரும்பி வந்துடுவா.'