ஜோடிப் படம்

"ஏளா எமில்டா, அந்த நீலச் சேலையைக் கட்டு. ஸ்டூடியோவுக்குப் போயி ஒரு போட்டோ எடுப்போம்."

எமில்டாவால் நம்ப முடியவில்லை. முன்னாள் படைவீரர் சங்கத் தலைவரான பிறகு, மகளுடைய கல்யாணப் பந்தியிலிருந்தே யாரோ ஒருவரின் மனுவுக்காக எழுந்து ஓடியவர் அவள் கணவர் இனிகோ.

"இன்னைக்குச் சங்கத்துல யாரும் கூப்பிடலியாக்கும்? மழைதான் கொட்டப் போவுது."

"போனை அணைச்சுட்டேன்ளா."

நேற்று திருநெல்வேலிக் கூட்டத்துக்குப் போய் வந்ததிலிருந்து ஆள் வாடியிருந்தார். ஆனாலும் ஸ்டூடியோவில் அவளைத் தோளோடு ஒட்டி நிறுத்திக்கொண்டார். முப்பது வருஷத்தில் இல்லாத நெருக்கம். எமில்டாவுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

"பெருசாப் போட்டு பிரேம் பண்ணிருவோமா அண்ணாச்சி?" என்றார் போட்டோக்காரர்.

"வேண்டாம். சின்ன சைஸ்ல ஆறு போதும்."

எமில்டாவின் சிரிப்பு அப்படியே நின்றது. கணவனை இழந்து சங்கத்துக்கு வரும் பெண்களின் பென்சன் மனுவில், அவர் உயிரோடிருந்தபோது சேர்ந்து எடுத்த சின்ன ஜோடிப் படத்தைப் பசை தடவி ஒட்டிக்கொடுப்பவள் அவள்தான். அந்தப் படம் இல்லாமல் மாதக்கணக்கில் அலைந்தவர்களையும் அவளுக்குத் தெரியும்.

"நேத்து நீங்க கூட்டத்துக்கா போனீங்க?"

"ஆஸ்பத்திரிக்கு." இனிகோ அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஊருக்கெல்லாம் எழுதிக் குடுத்தேன். என் பென்சன் தாள்ல உன் பேரைச் சேர்க்கத்தான் எனக்கு நேரமில்லாமப் போச்சு."

"அக்கா, கொஞ்சம் சிரிங்க," என்றார் போட்டோக்காரர், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.