பாதி சீட்டு

மயிலம் போகும் பேருந்தில், கதை எழுதும் ரோஜா பிரெஞ்சுச் சமூகவியல் நூலொன்றின் தமிழாக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறாள். யாரும் தடுக்காத இடத்திலும் உடம்பு தானாக ஒதுங்கிக்கொள்ளும் என்கிறது அது. முன்சீட்டில் நிலக்காரர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து இடம் காலி. அவர் கழனியில் களையெடுக்கும் செண்பகம், காலனியில் ரோஜாவின் தெருக்காரி, மல்லாட்டைக் கடலைப் பையோடு கம்பியைப் பிடித்து நிற்கிறாள். "குந்தேன் செண்பகம், யாரு வாணான்னது?" என்கிறார் அவர், மனசார. "இருக்கட்டுங்க, நின்னுக்கினே வர்றேன்." சொல்லும்போதே அவள் தோள் குறுகி, காலி சீட்டிலிருந்து இன்னும் விலகுகிறது. ரோஜாவுக்கு மயிர்க்கூச்செறிகிறது. வாரக்கணக்காகப் பிடிகொடுக்காத அவள் கதையின் நாயகி இதோ நிற்கிறாள். வசனமே வேண்டாம், அந்தத் தோள் போதும். பையிலிருந்து பேனாவை எடுக்கக் குனிகிறாள். அப்போதுதான் தன் சீட்டைப் பார்க்கிறாள். ஜன்னலோரம் பட்டுப்புடவை அம்மாள் ஒருத்தி தூங்குகிறாள். இருவருக்கும் நடுவே ஒரு சாண் இடம் வெயில் விழுந்து காலியாகக் கிடக்க, ரோஜாவின் பாதி உடம்பு சீட்டுக்கு வெளியே தொங்குகிறது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. அந்த வெயிலுக்குள் நகர்ந்து, முதுகை நன்றாகச் சாய்த்து, புத்தகத்தின் கடைசி வெற்றுப் பக்கத்தில் கதையின் முதல் சொல்லை எழுதுகிறாள்: நான்.