வாட்டம்

"பேத்துப் போடுங்க எல்லாத்தையும்!"

பக்கத்து வீட்டு காத்தாயி அக்கா போட்ட சத்தத்துல என் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்துச்சு.

மதில்மேல எட்டிப் பாத்தேன். அவங்க வீட்டுக்காரர் ரெத்தினம் அண்ணன் தலையெல்லாம் சிமெண்டுத் தூசியா அடுப்படி வாசல்ல நிக்கிறார். அறுபதைத் தாண்டின மனுஷன்.

பாவம், போன வருஷம்தான் நாலுவழிச் சாலைக்கு அவரு நிலம் மொத்தமும் போச்சு. அந்தத் துக்கத்துல ஆள் பாதியாயிட்டார். அவரைப் போய், அடுப்படித் தரையை இடிச்சு டைல்ஸ் ஒட்டச் சொல்லியிருக்காங்க இந்த அக்கா! நஷ்டஈட்டுப் பணம் பேங்க்ல சும்மாதான் கிடக்கு. என் வீட்டுக்காரர் யூனுஸ் கொத்தனார். வலியப் போய்க் கேட்டப்பவும் வேணாம்னுட்டாங்க.

"கொத்தனாருக்கு எதுக்குக் கொட்டிக் குடுக்கணும்? இவருக்குக் கையும் காலும் நல்லாத்தானே இருக்கு?"

இதைத் தெருவுக்கே கேக்குற மாதிரி சொன்னாங்க. கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு வேணாமா?

மொதத் தடவை அண்ணன் ஒட்டினது ஒரே வேடிக்கை. காலமெல்லாம் வயல்ல பரம்படிச்சு மட்டம் பாத்த கை இல்லையா? அடுப்படித் தரையையும் அப்படியே சமமா ஒட்டிட்டார். ஒரு குடம் தண்ணி ஊத்தினா இம்மியும் நகரல.

"இதுல நாத்து விடலாம் போலிருக்கே!"ன்னு அக்கா கத்தினாங்க. "வயல்ல தண்ணி நிக்கணும், அடுப்படியில ஓடணும். வாட்டம் குடுக்க வேணாமா?"

எனக்கே சிரிப்பு வந்துச்சு. அண்ணன் பேத்துட்டு மறுபடி ஒட்டினார்.

இப்ப அதையும் பேக்கணுமாம்!

"ஏண்ணே, உங்களுக்கு இந்தப் பாடு?"ன்னு மதிலுக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன்.

"லத்தீஃபா, வாட்டம் இன்னும் பத்தலங்கிறா உங்க அக்கா. தண்ணி மெதுவா ஓடுதாம்."

எனக்கு வந்துச்சு பாருங்க கோபம்! சாப்பிட்டுக் கை கழுவிட்டிருந்த யூனுஸை இழுத்துக்கிட்டு நேரா அவங்க அடுப்படிக்கே போயிட்டேன்.

"வாட்டம் இருக்கா இல்லையான்னு இவர் பாத்துச் சொல்லட்டும் அக்கா."

அக்கா முகம் மாறிப்போச்சு. "உனக்கு எதுக்குத் தம்பி வீண் சிரமம்..."

யூனுஸ் ரசமட்டத்தைத் தரையில வச்சார். நான் கொத்தனார் பொண்டாட்டி. அதுல குமிழி எங்க நிக்கணும்னு எனக்கும் தெரியும். அண்ணன் கச்சிதமா ஒட்டியிருந்தார். குத்தம் சொல்லவே முடியாது.

யூனுஸ் நிமிர்ந்து அக்காவைப் பாத்தார். அவங்க அண்ணனுக்குத் தெரியாம, வேணாங்கிற மாதிரி லேசாத் தலையை ஆட்டினாங்க.

"ஒரு நூல் பத்தலண்ணே. ஓரத்து வரிசையை மட்டும் எடுத்துட்டு ஒட்டுங்க."

"அப்படியா? எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு. இதோ, இப்பவே எடுத்துடுறேன்."

அண்ணன் உளியையும் சுத்தியலையும் எடுக்கக் கொல்லைப்பக்கம் விறுவிறுன்னு போனார்.

"அடப்பாவி மனுஷா! ஏங்க இப்படிப் புளுகினீங்க?"

யூனுஸ் குனிஞ்சு ரசமட்டத்தைத் துடைக்க ஆரம்பிச்சார். காத்தாயி அக்காதான் என் கையைப் பிடிச்சு ஓரமா இழுத்தாங்க. கண்ணு கலங்கியிருந்துச்சு.

"அவரை வையாதே லத்தீஃபா. தரைக்கு வாட்டம் வந்துடுச்சு. என் வீட்டு மனுஷனோட வாட்டம் இன்னும் போகலியே! நிலம் போனதிலிருந்து பாயை விட்டு எழுந்திரிக்காதவரு, இப்பத்தான் விடியும்போதே எழுந்து சிமெண்டு கொழைக்கிறாரு. வேலை முடிஞ்சுதுன்னு நான் சொல்லிட்டா, நாளைக்கு எதுக்கு எழுந்திரிப்பாரு?"