ஒட்டாத ரத்தம்

ராட்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாளைக் காலை தலைநகர் சோபியாவிலிருந்து ஆய்வுக்குழு வருகிறது. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களுக்குள் கால்சியம் நுழையும் வாசலை அவள் மருந்து அடைத்துவிடும். பிறகு அவை ஒன்றோடொன்று ஒட்டா. ஆறு வருட உழைப்பு.

உதவியாளர்கள் இருவரும் கொடுத்த ரத்தத்தில் சோதித்தாள். மருந்து கலந்த குழாயில் தட்டணுக்கள் ஒட்டவில்லை. சரி. மருந்தே கலக்காத குழாயிலும் ஒட்டவில்லை!

"யாரு ஆஸ்பிரின் முழுங்கினது? அது உள்ள போனா தட்டணு ஒட்டாதே!" என்று கத்தினாள். "ரத்தம் குடுக்கிறவங்க ரெண்டு வாரம் அதைத் தொடக்கூடாதுன்னு கையெழுத்தே வாங்கினேனே!"

"சத்தியமா இல்ல டாக்டர்," என்றான் உதவி ஆய்வாளன் ஷிவ்கோ. "பல்வலியில உயிர் போச்சு, அப்பவும் தொடல."

"என்னைப் பாக்காதீங்க," என்றாள் அவன் சகா டெனிட்சா. "வேணும்னா உங்க ரத்தத்தையே போட்டுப் பாருங்க."

போட்டாள். அதுவும் ஒட்டவில்லை.

"நான் தலைவலி மாத்திரை தொட்டே வருஷமாச்சு! ஒட்டுதான்னு அளக்குற மெஷின்தான் கெட்டுப்போச்சு."

வாசல் காவலர் போஷிதாரைக் கூப்பிட்டு ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். அவருடைய தட்டணுக்கள் நொடியில் திரண்டு கட்டியாயின. மெஷினில் கோளாறு இல்லை.

ராட்கா தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். ஷிவ்கோ ஊறுகாய் ஜாடியை அவள் பக்கம் நகர்த்தினான்.

"சாப்பிடுங்க டாக்டர். நீங்க ஞாயித்துக்கிழமை போட்டதுதானே? தினம் மத்தியானம் மூணு பேரும் அள்ளி அள்ளித் தின்னும் தீரல. காலிஃபிளவர் இன்னும் மொறுமொறுன்னு இருக்கு. என்ன மந்திரம் போட்டீங்க?"

"மந்திரமென்ன மந்திரம்? எங்கம்மா போடுற மாதிரிதான். கெடாம இருக்க ஜாடிக்கு நாலு ஆஸ்பி..."

மீதி எழுத்துகள் ராட்காவின் தொண்டையிலேயே ஒட்டிக்கொண்டன.