வழக்கு முடியட்டும்

"நீங்க சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி," என்றார் வக்கீல். "'புத்தியுள்ளவங்க யாரும் இதை நிஜம்னு நம்பமாட்டாங்க. படிச்சு ரசிக்கத்தான் எழுதினேன்.' இதைச் சொல்லிட்டா நஷ்டஈட்டுக்குப் போகாம உங்க வீடு தப்பிச்சுது."

மர்மம் சாருக்கு அந்த வரியை நினைத்தாலே வேப்பெண்ணெய் குடித்த மாதிரி இருந்தது.

வீட்டில் பால் திரிந்தால்கூட 'இதுக்குப் பின்னால ஒரு கை இருக்கு' என்பவர் அவர். அதனால்தான் தெருவில் அந்தப் பெயர். ஏரியில் படகு கவிழ்ந்த மறு வருஷமே 'மூழ்காத படகு' என்று தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம் போட்டார். படகு கவிழவே இல்லை என்றது புத்தகம். ஏரிக்கரை நிலத்தை மடக்க மேலிடம் போட்ட நாடகம் அது. படகில் போனவர்களை எங்கோ பத்திரமாக ஒளித்து வைத்திருக்கிறார்கள். கரையில் நின்று அழுதவர்கள் அத்தனை பேரும் கூலிக்கு அழுதவர்கள்.

புத்தகம் சக்கைப்போடு போட்டது. அழுதவர்கள் ஒன்றுசேர்ந்து அவதூறு வழக்குப் போட்டார்கள்.

"என் புத்தகத்தை நானே கட்டுக்கதைன்னு சொல்லணுமா?"

"இல்லாட்டி ஆதாரம் காட்டணும். இருக்கா?"

மர்மம் சார் விட்டத்தைப் பார்த்தார்.

"அப்ப பேசாம சொல்லிடுங்க. இன்னொண்ணு, அந்தம்மா இன்னிக்கு உள்ள வரக்கூடாது."

அந்தம்மா நீதிமன்றத் தாழ்வாரத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வாய்தா தவறாமல் வருகிறவர். மடியில் மர்மம் சாரின் புத்தகம், படித்துப் படித்து ஓரமெல்லாம் சுருண்டு கிடந்தது. கையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு.

"ஏன் சார்? எல்லாரும் என்னைக் கரிச்சுக் கொட்டுறப்ப என் பக்கம் இருக்கிற ஒரே ஜீவன் அது!"

"அதுதான் வம்பே. யாரும் நம்பமாட்டாங்கன்னு நாம சொல்லும்போது, 'நான் நம்புறேன்'னு அந்தம்மா எழுந்து நின்னா? கேஸ் கந்தல்."

மர்மம் சாருக்குச் சிரிப்பும் வந்தது, பெருமையும் வந்தது. முதல் வாய்தா அன்று அந்தம்மா தயங்கித் தயங்கி வந்து கேட்டது நினைவிருந்தது.

"இதுல எழுதியிருக்கிறது எல்லாம் நிஜம்தானே சார்?"

"நூத்துக்கு நூறு. எழுதாதது இன்னும் எவ்வளவோ இருக்கு. வழக்கு முடியட்டும்மா, எல்லாத்தையும் சொல்றேன்."

குடைந்து கேட்கிற வாசகர்களுக்கெல்லாம் அவர் கைவசம் வைத்திருந்த பதில் அது. வழக்கு வந்ததில் அவருக்குக் கிடைத்த ஒரே சௌகரியமும் அதுதான்.

வேடிக்கை என்னவென்றால், எதிர்த்தரப்பு ஆட்கள்கூட அந்தம்மாவை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. சற்று முன்புதான் அவர்களில் ஒரு பெண் வந்து தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

"பாத்தீங்களா? சத்தியத்தைக் கண்டா எதிரிக்கும் மரியாதை வருது," என்றார் மர்மம் சார். வக்கீல் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவரே அந்தம்மாவிடம் போனார். "உள்ள ஒரே புழுக்கம்மா. இங்கேயே இருங்க, முடிஞ்சதும் வந்துடறேன்."

"இன்னிக்கு முடிஞ்சிடுமா சார்?"

"முடிஞ்ச மாதிரிதான். அதுவரைக்கும் படிச்சுக்கிட்டு இருங்க. கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் படிங்க, சும்மா கையில வச்சிருந்தா எப்படி?"

அந்தம்மா சிரித்தார். கூட்டை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

உள்ளே, கூண்டில் ஏறிய மர்மம் சாரை நீதிபதி நேராகக் கேட்டார்: "நீங்க எழுதினதை நீங்களே நம்புறீங்களா?"

அவர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் தலையாட்டினார்.

"இல்லைங்க. புத்தியுள்ளவங்க யாரும் நம்பமாட்டாங்க. ரசிக்கத்தான் எழுதினேன்."

எதிர்த்தரப்பு பெஞ்சில் ஒரு பெரியவர் எழுந்தார். "அப்ப பொய்னு தெரிஞ்சேதான் எழுதினியா?"

நீதிபதி அவரை உட்காரச் சொன்னார். மர்மம் சாருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் வெட்கத்தைவிட வீடு பெரிசாயிற்றே, வாயை மூடிக்கொண்டார்.

நம்பத் தக்கதல்ல என்று ஆசிரியரே ஒப்புக்கொண்டுவிட்டதால் வழக்கு தள்ளுபடி. இனிமேல் அட்டையில் 'கற்பனை' என்று போட வேண்டும், அவ்வளவுதான்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு," என்று வக்கீல் கையைக் குலுக்கிவிட்டு நகர்ந்தார்.

தாழ்வாரத்தில் அந்தம்மா ஓட்டமும் நடையுமாக வந்தார். "முடிஞ்சிடுச்சா சார்?"

"ஜெயிச்சாச்சும்மா!" மர்மம் சார் உற்சாகமாகப் பேனாவை எடுத்தார். "புத்தகத்தைக் கொடுங்க, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

அந்தம்மா புத்தகத்தை நீட்டவில்லை. கண்ணாடிக் கூட்டைத் திறந்தார். உள்ளே, சின்னப் பிள்ளைகள் போடுகிற சிவப்பு ஃப்ரேம் கண்ணாடி.

"அன்னிக்கு இதை ரிப்பேருக்குக் கொடுத்திருந்தேன் சார். இது இல்லாமலேதான் எம் பொண்ணு படகுல ஏறினா."

மர்மம் சாரின் பேனா அப்படியே நின்றது.

"வழக்குல என்னையும் சேரச் சொன்னாங்க. சேர்ந்தா, அவ செத்துட்டான்னு நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிடும்ல? மாட்டேன்னுட்டேன். அதான் நீங்க எழுதியிருக்கீங்களே, எல்லாரும் பத்திரமா இருக்காங்கன்னு."

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"இது இல்லாட்டி அவளுக்குப் பக்கத்துல நிக்கிறவங்க முகம்கூடத் தெரியாது சார். கொடுத்துட்டு உடனே வந்துடறேன், யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன். வழக்குதான் முடிஞ்சிடுச்சே, இப்ப சொல்லுங்க... எங்க இருக்கா?"