ரபி மகளுக்குத் தெரியாதது

"மிஸ், வெள்ளிக்கிழமை சாப்பாட்டுல ரொட்டியை மட்டும் ஏன் துணி போட்டு மூடி வைக்கிறோம்?"

வகுப்பே கொல்லென்று சிரித்தது.

கனடாவின் வின்னிபெக் நகரில் யூதர்களின் ஜெப ஆலயத்து மாடியில் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நடக்கும் வேத வகுப்பு அது. பள்ளிக்கூடம் முடிந்த களைப்பில் பீட்ஸாவைக் கடித்துக்கொண்டிருந்த பதினாறு, பதினேழு வயசுப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய தமாஷ் வேண்டுமா?

கேட்டவள் டாஸி. அதே ஜெப ஆலயத்தின் குருவான ரபியின் மகள்!

எஸ்டெல் மிஸ்ஸுக்கு ரத்தம் கொதித்தது. பல் முளைத்த நாளிலிருந்து வாராவாரம் ஓய்வுநாள் விருந்தில் அந்த ரொட்டியைத் தின்று வளர்ந்த பெண் கேட்கிற கேள்வியா இது? கொஞ்ச நாளாகவே இப்படித்தான். முதலில், "எபிரேயப் பிரார்த்தனைப் புத்தகத்தை வலது பக்கத்துலேர்ந்தா, இடது பக்கத்துலேர்ந்தா, எப்படித் திறக்கணும்?" அப்புறம், "ஆமென் எப்ப சொல்லணும்?" இன்றைக்கு ரொட்டி.

"முதல்ல திராட்சை ரசத்துக்குத்தானே ஆசீர்வாதம் சொல்றோம்? நம்மளைப் பின்னால தள்ளிட்டாங்களேன்னு ரொட்டி மனசு நோகக் கூடாது. அதுக்காக மூடறோம். போதுமா?"

"போதும் மிஸ். தேங்க்ஸ்."

"எனக்குப் போதாது. யாரைக் கிண்டல் பண்றே? அப்பா ரபிங்கிற திமிரா? என் வகுப்பு உனக்கு விளையாட்டுன்னா இனிமே வராதே. கிளம்பு."

சிரிப்பு அடங்கியது. டாஸியின் முகம் சிவந்துவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். என்ன நினைத்தாளோ, ஒன்றும் சொல்லாமல் கோட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

'பெரிய இடத்துப் பிள்ளைன்னா பயந்துடுவேனா?' என்று நினைத்துக்கொண்டாள் எஸ்டெல். அன்றைக்கு நன்றாகவே தூங்கினாள்.

அடுத்த செவ்வாய் வகுப்பு அமைதியோ அமைதி.

"யாருக்காவது சந்தேகம் இருக்கா?"

ஒரு கைகூட எழவில்லை. விட்டது தொல்லை என்று எஸ்டெலுக்கு ஒரே திருப்தி.

எல்லாரும் போன பிறகு கோரி மட்டும் நின்றான். புதுசாகச் சேர்ந்தவன். வடக்கே ஒரு சுரங்க ஊரில் வளர்ந்த பையன். அங்கே ஜெப ஆலயமும் கிடையாது, வேறு யூதக் குடும்பமும் கிடையாது. வகுப்பில் டாஸிக்குப் பக்கத்தில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பான்.

"மிஸ், அடுத்த வாரத்துலேர்ந்து நான் வரலை."

"ஏம்ப்பா? இப்பத்தானே வகுப்பு நல்லாப் போகுது?"

"எனக்கு ஒண்ணுமே தெரியாது மிஸ். அப்பா போன வருஷம் தவறிட்டாரு. மே மாசம் அவரோட நினைவு நாள். நான்தான் பிரார்த்தனை சொல்லணும். அதுக்காகத்தான் கத்துக்க வந்தேன்."

"தெரியலேன்னா கேட்கலாமே?"

"கூச்சமா இருந்துச்சு. முதல் நாள் புத்தகத்தை எந்தப் பக்கம் திறக்கறதுன்னு தெரியாம முழிச்சேன். டாஸிகிட்ட மெதுவாக் கேட்டேன். 'எனக்கும் சரியாத் தெரியலை. இரு, மிஸ்ஸைக் கேட்கறேன்'னா. அதுக்கப்புறம் நான் எதைக் கேட்டாலும் பாவம், அவளுக்கும் தெரியாது. ரெண்டு பேருக்கும் சேர்த்து அவளே கேட்டுடுவா. ரபி மகளுக்கே தெரியலேன்னா எனக்கென்ன வெட்கம்னு தைரியமா இருந்தேன்."

தலையைக் குனிந்துகொண்டான்.

"தெரியலேன்னு கேட்ட அவளையே வெளிய அனுப்பிட்டீங்க. நான் எம்மாத்திரம் மிஸ்?"

ரொட்டியின் மனசு நோகக் கூடாது என்று பாடம் சொன்ன வாய்தானே அந்தப் பெண்ணை அத்தனை பேர் முன்னால் துரத்தியது? எஸ்டெலை வெட்கம் பிடுங்கித் தின்றது. 'அவளுக்கு எல்லாமே தெரியும்டா' என்று சொல்ல வந்ததை அப்படியே விழுங்கினாள். சொன்னால் இந்தப் பையன் இன்னும் குறுகிப் போவான்.

"தப்பு என்னோடதுப்பா. அவளைத் திரும்பக் கூப்பிடறேன். அடுத்த வாரம் ஒரே ஒரு தடவை வந்து பாரு. அப்புறம் உன் இஷ்டம்."

அரை மனசாகத் தலையாட்டிவிட்டுப் போனான்.

அவன் படியிறங்குவதற்குள் டாஸிக்குப் போன் போட்டாள். கோரி சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"என்னை மன்னிச்சிடும்மா. அன்னிக்கே நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"எப்படி மிஸ் சொல்றது? அவன் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தானே."

"வர்ற செவ்வாய் வரியா?"

"வரேன். ஆனா கேள்வி கேட்பேன்."

"கேளு தாயே, நல்லாக் கேளு."

செவ்வாய் வந்தது. டாஸி அவள் இடத்தில். கோரியும் வந்திருந்தான், கோட்டைக்கூடக் கழற்றாமல்.

"தெரியாததைக் கேட்டதுக்காக நான் கோபப்பட்டது தப்பு. மன்னிச்சிடு டாஸி" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுத்தான் எஸ்டெல் பாடத்துக்கே வந்தாள். உடனே ஒரு கை எழுந்தது. வேறு யார்?

"மிஸ், நம்ம கல்லறையில பூ வைக்காம ஏன் சின்னக் கல்லு வைக்கிறோம்?"

பின் வரிசையில் சிரிப்பு. எஸ்டெல் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள்,

"அது எனக்குத் தெரியும்!"

கோரிதான். முதல் தடவையாக வகுப்பில் அவன் குரல்.

"பூன்னா வாடிப் போயிடும். கல்லு அப்படியே இருக்கும். 'உங்களைப் பார்க்க வந்தோம், மறக்கலை'ன்னு அர்த்தம். அப்பாவை அடக்கம் பண்ணினப்போ பெரியப்பா சொன்னாரு."

டாஸி கண்ணை அகல விரித்தாள்.

"அப்படியா! இத்தனை நாளா எனக்கு இது தெரியவே தெரியாதே!" என்றாள் ரபியின் மகள்.