வாயாடி

"கையை எடும்மா. அந்தச் சிவப்புப் பொத்தான் பக்கமே போகாதே" என்றார் ஷிஃப்ட் பொறுப்பாளர், பின்னால் உட்கார்ந்திருந்த தேர்வாளர் காதில் விழாதபடி.

அவள் விரலை மடக்கிக்கொண்டாள். அணுமின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் எல்லாமே ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது, அவள் ஒருத்தியின் நெஞ்சைத் தவிர.

ஆறு மாதத்துக்கு முன்னால் இதே நாற்காலி, இதே தேர்வு. மேலே ஒரு அலாரம் கத்தியதும் பயந்துபோய் அந்தப் பொத்தானை அழுத்திவிட்டாள். உலை நின்றது, இரண்டு ஊர்கள் இருட்டில் தவித்தன, கடைசியில் பார்த்தால் ஒன்றுமே இல்லை. அன்றிலிருந்து கேன்டீனில் அவளுக்கு 'கரண்ட் கட்' என்று பெயர்.

இன்றைக்கு இரண்டாவது வாய்ப்பு. இதையும் விட்டால் ஆபரேட்டர் உரிமம் கிடையாது, ஸ்டோர் ரூமில் நட்டும் போல்ட்டும் எண்ண வேண்டியதுதான். "இந்தத் தடவையாவது எதையும் அழுத்தாம வீடு வந்து சேரு" என்று கணவன் காலையில் வாசல்வரை வந்து சொல்லி அனுப்பியிருந்தான்.

அவளைக் கவிழ்த்த அந்த அலாரத்துக்கு ஆபரேட்டர்கள் வைத்த பெயர் வாயாடி. உலைக்குத் தண்ணீர் போகும் குழாயில் கசிவு வந்தால் கத்த வேண்டியது அது. ஆனால் சென்சார் கெட்டு மூன்று வருடமாகிறது. கீழே யாராவது கதவைச் சாத்தினால்கூட கத்தும். ஒரு ஷிஃப்ட்டுக்கு முப்பது தடவையாவது கத்தித் தீர்க்கும். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் 'சரி' பொத்தானைத் தட்டிவிட்டு டீயை எடுப்பது அங்கே எல்லோருக்கும் கைப்பழக்கம்.

நிஜமாகவே கசிகிறதா என்று தெரிய வேண்டுமானால் தண்ணீர் மட்டம் காட்டும் மீட்டரைப் பார்க்க வேண்டும். அந்த அறைக்கு எந்தப் புண்ணியவான் பிளான் போட்டானோ, அது கட்டுப்பாட்டுப் பலகைக்குப் பின்பக்கம், எழுந்து நடந்துபோய்க் குனிந்து பார்க்கிற இடத்தில் இருந்தது. அங்கே யார் போகிறார்கள்? இப்போது அதன்மேல் யாருடைய மழைக்கோட்டோ காய்ந்துகொண்டிருந்தது.

தேர்வாளர் வந்ததுமே சொல்லிவிட்டார். "சும்மா சும்மா எழுந்திருச்சா மார்க் போயிடும். பதறாம உட்கார்ந்து வேலை பார்க்கத் தெரியுதான்னு பார்க்கத்தான் வந்திருக்கேன்."

மூன்று மணி நேரம் போனது. அவள் ஒவ்வொரு முள்ளாகப் பார்த்தாள், குறித்தாள், பம்புகளின் வேகத்தைச் சொன்னாள். ஒரு தப்பு இல்லை.

"என்ன சார், வாயாடி காலையிலேர்ந்து வாயே திறக்கல?" என்று பொறுப்பாளரிடம் கிசுகிசுத்தாள்.

"பரீட்சைன்னதும் அதுக்கும் பயம் வந்துடுச்சு போல. நல்லதுதானே, விடு."

அவள் முதல்முறையாகச் சிரித்தாள்.

தேர்வு முடியப் பத்து நிமிடம் இருந்தபோது வாயாடி கத்தியது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கை தானாகச் சிவப்புப் பொத்தான் பக்கம் போனது, இழுத்துக்கொண்டாள். பின்னால் போய் மீட்டரையாவது பார்த்துவிடலாம் என்று பாதி எழுந்தாள். தேர்வாளரின் பென்சில் தாளைத் தொட்டது. பொறுப்பாளர் தொண்டையைக் கனைத்தார்.

உட்கார்ந்தாள். 'சரி' பொத்தானைத் தட்டினாள். சத்தம் நின்றது.

ஒரு நிமிடத்தில் மறுபடியும். தட்டினாள். அடுத்தது அரை நிமிடத்துக்குள்ளேயே வந்தது. அதையும் தட்டினாள். ஒவ்வொரு தட்டுக்கும் பயம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவுதானா, இதற்கா போன தடவை அப்படி நடுங்கினோம் என்று வெட்கமாகக்கூட வந்தது.

தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். "போன தடவை பார்த்த ஆளா நீங்க? அலாரம் அந்தக் கத்து கத்துது, அசையவே இல்லையே! பாஸ்மா." தாளில் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு உடனே போன் பண்ண வேண்டும் போலிருந்தது.

"இனிமே எவனாவது கரண்ட் கட்டுன்னு கூப்பிடட்டும், பார்த்துக்கறேன்" என்றார் பொறுப்பாளர். அவர் முகத்திலும் அப்படி ஒரு பூரிப்பு.

அப்போதுதான் கருவிப் பிரிவு மெக்கானிக் ஒரு படிவத்தோடு உள்ளே வந்தார். முழங்கை வரை கிரீஸ், முகத்தில் வேலை முடித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பும் களை.

"வாங்க ராசா!" என்றார் பொறுப்பாளர். "இந்த வாயாடியோட சென்சாரை எப்பதான் மாத்தறதா உத்தேசம்? மூணு வருஷமா எழுதிக் குடுத்து எங்க கைதான் தேஞ்சு போச்சு."

மெக்கானிக் பதில் சொல்லுமுன் வாயாடி நான்காவது முறையாகக் கத்தியது. அவள் கையிலிருந்த தாளை விட்டுக் கண்ணை எடுக்காமலே, இடது கையால் 'சரி' பொத்தானைத் தட்டினாள்.

மெக்கானிக் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு பொறுப்பாளரைப் பார்த்தார். படிவத்தை நீட்டிய கை பாதியிலேயே நின்றது.

"சார்... விடியக்காலையிலயே புதுசு போட்டாச்சே!"